கார்பன் ரிம்மா, அலாய் ரிம்மா: முதலில் பிரேக் எது என்று சொல்லுங்கள்

கேள்வி இதுதான். ரோடு பைக்கோடு (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) கூட வந்த சக்கரங்கள் ஜோடி 1,950 கிராம், அதை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் 50 மி.மீ. உயரமுள்ள (டயர் பக்கத்திலிருந்து சக்கரத்தின் நடுவை நோக்கி அளப்பது) கார்பன் ரிம், ஜோடி 1,450 கிராம். இன்னொரு பக்கம் 25 மி.மீ. அலாய், அதாவது அலுமினியக் கலவை, ஜோடி 1,550 கிராம். ஓட்டுபவர் 78 கிலோ, வாரத்துக்கு 150 கிலோமீட்டர், சமதளத்தில் சராசரி மணிக்கு 28, ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை ஏற்றம், சாலையில் குழிகளுக்குக் குறைவில்லை. எதை வாங்குவது?

இத்தனையும் எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உங்கள் பைக்கில் இருப்பது ரிம் பிரேக்கா (கட்டை ரிம்மையே உரசிப் பிடிப்பது), டிஸ்க் பிரேக்கா (சக்கரத்தின் நடுவில் இருக்கும் தனித் தட்டைப் பிடிப்பது)? பாதிப் பதில் அதிலேயே முடிந்துவிடும். தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ரிம் பிரேக் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு அலாய். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், ரிம் பிரேக் பைக்கில் ரிம்தான் பிரேக் டிஸ்க்காகவும் வேலை பார்க்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்களும் பைக்கும் சேர்ந்து 87 கிலோ. 8 சதவீத இறக்கத்தில் வேகம் 30ஐத் தாண்டாமல் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். ஈர்ப்பு விசை உங்களைக் கீழே இழுக்கும் சக்தி சுமார் 570 வாட். காற்றும் டயர் உராய்வும் அதில் 150 வாட்டைத் தின்றுவிடும். மீதி 400 வாட்டுக்கு மேல் முழுக்க வெப்பமாக ரிம்முக்குள் போகிறது. இஸ்திரிப் பெட்டியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பத்து நிமிடம் தொடர்ந்து.

அலுமினியத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெப்பம் ஒரு இடத்தில் நிற்காமல் ரிம் முழுக்கப் பரவி, காற்றில் கரைந்துவிடும். கார்பனில் நிலைமை வேறு. கார்பன் இழைக்குச் சூட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த இழைகளைக் கட்டிப் போட்டிருக்கும் பிசின் அப்படியில்லை. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் அது இளக ஆரம்பிக்கும். சாதாரணப் பிசினில் அந்த எல்லை 150 டிகிரி செல்சியஸ் பக்கம், விலை உயர்ந்த ரிம்களில் 200க்கும் மேல். ரிம் சுவரின் தடிமனுக்குக் குறுக்கே வெப்பம் கடத்துவதில் அலுமினியம் கார்பனைவிட நூறு மடங்குக்கும் அதிகம் என்பதால், கார்பனில் சூடு பிரேக் கட்டை உரசும் அந்த ஒரு பட்டையிலேயே தேங்கி நிற்கும். பிசின் இளகிய இடத்தில், உள்ளேயிருந்து டயரின் காற்றழுத்தம் ரிம் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன, புடைக்க வேண்டியதுதான்.

எனக்கே நடந்தது. நீண்ட இறக்கம், எனக்கு முன்னால் போனவர் ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கி ஓட்ட, நான் அவருக்குப் பின்னால் பிரேக்கை விடாமல் உரசியபடியே வந்தேன். அடிவாரம் வந்ததும் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்சக்கரம் சுற்றுக்கு ஒரு முறை டக் என்று தட்டியது. நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தால், ரிம்மின் ஒரு பக்கச் சுவர் அரை விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. விற்றவரிடம் கொண்டுபோனால், பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தது உங்கள் தப்பு என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஆனால் முன்னால் ஒரு கார் நத்தை வேகத்தில் இறங்கும்போது இந்தப் பாடமெல்லாம் நினைவுக்கு வராது, வந்தாலும் செய்ய முடியாது.

மழையில் இன்னும் மோசம். ஈரமான கார்பன் ரிம்மில் பிரேக் பிடித்தால் முதல் சில விநாடிகள் பிடித்த மாதிரியே இருக்காது, தண்ணீரைத் துடைத்து முடித்த பிறகு திடீரென்று கவ்வும். இப்போதைய ரிம்களில் பிரேக் பட்டையைச் சொரசொரப்பாகச் செதுக்கி இதை நிறையக் குறைத்துவிட்டார்கள், சரி, ஆனாலும் நல்ல அலாய் ரிம்மின் பக்கத்தில் நிற்காது. கார்பனுக்கென்றே தனிப் பிரேக் கட்டை போட வேண்டும். அலாய் சக்கரத்தில் ஓடிய கட்டையை அப்படியே கார்பனுக்கு மாற்றினீர்கள் என்றால், அதில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகள் ரிம்மைக் கீறித் தள்ளிவிடும். சூட்டுக்குப் பயந்து லேட்டக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) டியூப் போடாதே என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள்.

இதற்காக அலாய் ரிம் அழியாத பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரேக் கட்டை அதைத் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலான ரிம்களில் பிரேக் பட்டையில் ஒரு சின்னக் குழியோ, சுற்றிலும் ஓடும் ஒரு கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. அடையாளம் எதுவும் இல்லையென்றால் ஒரு ஸ்கேலின் விளிம்பை ரிம் சுவர் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் குழிந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மெலிந்த சுவர் ஒருநாள் டயர் அழுத்தம் தாங்காமல் கிழிந்து திறந்துகொள்ளும், அது நடுரோட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, வீட்டில் காற்றடிக்கும்போதுகூட நடக்கும்.

ரிம் பிரேக்குக்காக இரண்டையும் கலந்து அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் மூடி போட்டும் விற்றார்கள். மாவிக் காஸ்மிக் கார்போன், ஹெட் ஜெட் எல்லாம் அந்த ரகம். பிரேக் நன்றாகப் பிடிக்கும், காற்றையும் நன்றாகக் கிழிக்கும், தூக்கினால்தான் கனம் தெரியும். பழைய சக்கரமாக நல்ல நிலையில் கிடைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு சின்னக் கிளைக்கதை. ரிம் எதில் செய்வது என்ற சண்டை கார்பனோடு தொடங்கியதல்ல. 1930களில் போட்டி வீரர்கள் மர ரிம்மில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1934 டூர் டி பிரான்ஸில் பிரெஞ்சு வீரர் அந்தோனன் மாஞ், மாவிக் கம்பெனி செய்து கொடுத்த டூரலுமின் (ஒரு அலுமினியக் கலவை) ரிம்மில் ஓட்டினார். அப்போது விதி அதை அனுமதிக்கவில்லை, அதனால் பார்க்க மரம் மாதிரி இருக்கட்டும் என்று பெயின்ட் அடித்து மறைத்தார்கள். அந்த ஆண்டு டூரை வென்றதும் அவர்தான். இன்று சலிப்பூட்டும் பொருளாகத் தெரிகிற அலுமினிய ரிம் அன்றைக்குத் திருட்டுத்தனமாக ஓட்ட வேண்டிய அதிசயம்!

சரி, டிஸ்க் பிரேக்குக்கு வருவோம். சாலைப் போட்டிகளில் டிஸ்க் பிரேக்குக்கு, சைக்கிள் போட்டிகளின் உலக அமைப்பான யூசிஐ 2018 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தது. அதோடு கார்பன் ரிம் மீதிருந்த மிகப் பெரிய புகார் காணாமல் போய்விட்டது. வெப்பமெல்லாம் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) பக்கத்தில் இருக்கும் எஃகுத் தட்டுக்குப் போய்விடும், ரிம்முக்கு இனி டயரைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது மட்டும்தான் வேலை. இங்கேதான் உங்கள் கேள்வி உண்மையிலேயே கேள்வியாகிறது.

முதலில் எடை. எல்லோரும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், எனக்கென்னவோ கடைசியில் பார்க்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. நீங்கள் ஒப்பிடும் இரண்டு ஜோடிக்கும் இடையே வித்தியாசம் 100 கிராம். மொத்தம் 87 கிலோவில் 100 கிராம். ஒரு மணி நேரம் விடாமல் மலை ஏறினால் மிச்சமாவது 4 விநாடி. பழைய 1,950 கிராம் சக்கரத்தோடு ஒப்பிட்டால்கூட அலாயில் 16, கார்பனில் 20 விநாடிதான். ‘சுழலும் எடை வேறு கணக்கு’ என்று உடனே யாராவது வருவார்கள். உண்மைதான், வேகம் பிடிக்கும்போது ரிம்மில் இருக்கும் ஒரு கிராம், பிரேமில் இருக்கும் இரண்டு கிராமுக்குச் சமம். அந்த இரண்டு மடங்கோடு விஷயம் முடிந்தது, பத்து மடங்கு இருபது மடங்கு என்பதெல்லாம் கட்டுக்கதை. சீரான வேகத்தில் ஏறும்போது அந்த இரண்டு மடங்கும் கிடையாது. பெடலை அழுத்தியதும் லேசான சக்கரம் துள்ளிக்கொண்டு கிளம்புகிற மாதிரி ஒரு சுகம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, எனக்கும் பிடிக்கும். கடிகாரத்தில்தான் அது தெரியாது.

கார்பனின் உண்மையான லாபம் உயரத்தில் இருக்கிறது. 50 மி.மீ. உயர ரிம்மை அலுமினியத்தில் செய்தால் கல்லாகக் கனக்கும். கார்பனில் அதையே 25 மி.மீ. அலாய் ரிம்மின் எடையில் செய்துவிடலாம், ரிம் ஒன்றுக்கு 450 கிராம் சுற்றுவட்டாரத்தில். ஆக, நீங்கள் காசு கொடுப்பது எடைக்கு அல்ல, அதே எடையில் கிடைக்கும் உயரத்துக்கு. அந்த உயரம் காற்றில் எவ்வளவு மிச்சப்படுத்தும்? ரிம், டயர், காற்றின் கோணம் எல்லாவற்றையும் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஜோடிக்கு 10 வாட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கன மடங்கில் மாறுவதால், உங்கள் 28இல் அது மூன்றரை வாட்டாகச் சுருங்கிவிடும். அடடே இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 28இல் நீங்கள் செலவழிப்பதே 130 வாட் சொச்சம்தான், அதில் மூன்றரை என்பது வேகத்தில் ஒரு சதவீதம் கொடுக்கும். 40 கிலோமீட்டர் தனியாக ஓட்டினால் 50 விநாடி. மெதுவாக ஓட்டுபவர் சாலையில் அதிக நேரம் இருப்பதால், விநாடிக் கணக்கில் பார்த்தால் வேகமாக ஓட்டுபவரைவிட அவருக்கு மிச்சம் கொஞ்சம் கூடவே வரும். ‘நீயெல்லாம் போகிற வேகத்துக்கு ஏரோ (காற்றைக் கிழிக்கும் சக்கரம்) எதுக்கு’ என்று கிண்டல் செய்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். என்ன, கூட்டத்தில் ஒருவர் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓட்டும்போது இதில் பெரும்பகுதி கிடைக்காது.

இந்த 50 விநாடியை மனதில் வைத்துக்கொண்டு டயரைப் பாருங்கள். காண்டினென்டல் கேட்டர்ஸ்கின் மாதிரி கெட்டியான டயரிலிருந்து அதே கம்பெனியின் ஜிபி 5000க்கு மாறினால், மணிக்கு 29 வேகத்தில் ஒரு டயருக்கு ஏழெட்டு வாட் மிச்சமாகும். இரண்டுக்கும் சேர்த்து 15 வாட். மேலே போட்ட அதே கணக்கில் 40 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 நிமிடம். எடை வித்தியாசம் 4 விநாடி, ரிம் உயரம் 50 விநாடி, டயர் 4 நிமிடம். சக்கரத்துக்கு மொத்தப் பணத்தையும் கொட்டிவிட்டு, பைக்கோடு வந்த, விளிம்பில் கம்பி வைத்த மலிவு டயரையே கழற்றி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

டயர் அகலத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். சக்கரம் செய்யும் ஜிப் கம்பெனியில் வேலை பார்த்த ஜாஷ் போர்ட்னர் சொன்ன 105 விதி என்று ஒன்று இருக்கிறது: ரிம்மின் வெளி அகலம், காற்றடித்த டயரின் அகலத்தைப் போல குறைந்தது 105 சதவீதம் இருந்தால்தான் காற்று டயரிலிருந்து ரிம்முக்கு வழுக்கிப் போகும். டயர் ரிம்மைவிட அகலமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தால் உயரமான ரிம்மின் லாபத்தில் ஒரு பங்கு வீண். 28 மி.மீ. டயர் போடப் போகிறீர்கள் என்றால் ரிம்மின் வெளி அகலம் குறைந்தது 29.5 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குறுகலான 50 மி.மீ. ரிம்களில் இது இருக்காது. குறுக்குவெட்டில் ‘வி’ மாதிரி கூராக முடியும் அந்தக் கால வடிவம் பக்கக்காற்றில் ஹேண்டில்பாரைப் பிடுங்கும். இப்போதைய உருண்டையான அகல ரிம் எவ்வளவோ மேல், ஆனாலும் பாலத்தின் மேலோ, லாரி கடந்துபோகும்போதோ 50 மி.மீ. முன்சக்கரம் ஒரு தள்ளு தள்ளத்தான் செய்யும். 78 கிலோ ஆளுக்குச் சமாளிக்கலாம், 55 கிலோ ஆள் என்றால் முன்னால் 35 போடு என்றிருப்பேன்.

குழிகளைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். கார்பன் என்றால் கண்ணாடி மாதிரி உடையும் என்பது பழைய பேச்சு. பாரிஸ்–ரூபே போட்டியின் கருங்கல் பாதைக்குப் பல காலம் அலுமினிய ரிம்தான் என்றிருந்தது. 2010இல் சுவிஸ் வீரர் ஃபேபியன் கன்செல்லாரா கார்பன் ரிம்மில் அதை வென்ற பிறகு அந்தப் பேச்சு அடங்கிப்போனது. நல்ல கார்பன் ரிம், அலாய் நெளிந்துபோகும் அடியை வாங்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி சுற்றும். கோட்டமும் சீக்கிரம் விழாது, என் டிஸ்க் சக்கரத்துக்கு மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கோட்டம் எடுத்தேன். வித்தியாசம் தாங்கும் எல்லையைத் தாண்டிய பிறகு தெரியும். அலாய் நெளியும், நெளிசலோடு வீடு வந்து சேரலாம், டிஸ்க் பைக் என்றால் சின்ன நெளிசலோடு மாதக்கணக்கில்கூட ஓட்டலாம். கார்பன் விரிசல் விடும், விரிசல் விட்ட ரிம்மை அப்புறம் நம்பக் கூடாது. பலத்த அடி விழுந்தால் டயரைக் கழற்றி உள்ளும் புறமும் பாருங்கள், நாணயத்தால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ‘டிக்’ என்று கேட்டு ஒரு இடத்தில் மட்டும் ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். வாங்கும் முன்பே, விபத்தில் உடைந்தால் சலுகையில் மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பல கம்பெனிகள் தருகின்றன. பெயர் தெரியாத மலிவு ரிம்களில் நான் பார்ப்பது இதைத்தான், பிரச்சினை என்றால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களா என்பதை.

கார்பன் அதிர்வை உறிஞ்சும், சொகுசாக இருக்கும் என்பார்கள். நம்பாதீர்கள். குழியில் விழும்போது டயர் மில்லிமீட்டர் கணக்கில் அமுங்குகிறது, ரிம் அமுங்குவது அதில் ஒரு துளி. காற்றை 10 பிஎஸ்ஐ குறைத்தால் கிடைக்கும் சொகுசை எந்த ரிம்மும் தராது.

காற்று என்றதும் ஹூக்லெஸ் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நிறைய கார்பன் ரிம்கள் இப்போது டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி இல்லாமல் நேர்ச் சுவராக வருகின்றன, செய்வது சுலபம் என்பதால். இவற்றில் அழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, இதைத் தாண்டவே கூடாது, கம்பெனி அனுமதித்த டியூப்லெஸ் டயர்களைத்தான் போட வேண்டும், ரிம்மின் உள் அகலத்துக்கு ஏற்ற டயர் அகலமும் வேண்டும். 2024 யுஏஇ டூர் போட்டியில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்தபோது ஹூக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் கழன்று தொங்கியதைப் பார்த்து வீரர்களே கொதித்துப் போனார்கள். உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் 65, 70 பிஎஸ்ஐ தேவைப்படும். அது எல்லைக்கு மிக அருகில், பம்ப்பில் இருக்கும் மீட்டர் ஐந்து பிஎஸ்ஐ குறைத்துக் காட்டினால் போச்சு. அதனால் உங்களுக்கு நான் ஹூக் உள்ள ரிம்மைத்தான் சொல்வேன். 32 மி.மீ. டயர் நுழையும் பைக் என்றால் ஹூக்லெஸ்ஸும் பரவாயில்லை.

சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. 50 மி.மீ. ரிம்முக்குச் சாதாரண டியூபின் வால்வு வெளியே எட்டிப் பார்க்காது, 70, 80 மி.மீ. வால்வு டியூப் வேண்டும், வழியில் பஞ்சரானால் கூட வருபவரிடம் கடன் வாங்க முடியாது. சில ரிம்களில் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் திருகு) உள்ளே மறைத்து வைத்திருப்பார்கள். ஒரே ஒரு ஸ்போக்கை முறுக்க டயர், டேப் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அழகுக்காக இப்படி ஒரு கொடுமை. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு ஈரமும் உப்பும் சேர்ந்தால் அரிப்பது அலுமினியம்தான், ஆகவே பித்தளை நிப்பிள் கேளுங்கள், சில கிராம் கூடினால் கூடட்டும்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்றால், ரிம் பிரேக்காக இருந்தால் அந்த 1,550 கிராம் அலாயை வாங்கிவிட்டு, நல்ல டயர் ஒரு ஜோடி, நல்ல பிரேக் கட்டை இரண்டு ஜோடி சேர்த்து வாங்குவேன், ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் நிம்மதியாக இறங்குவேன். டிஸ்க்காக இருந்து பெரும்பாலும் கூட்டத்தோடு ஓட்டுபவர் என்றாலும் அலாயே போதும். டிஸ்க், தனியாக ஓட்டும் சமதளக் கிலோமீட்டர்கள் அதிகம், ஒரு குழி ஒரு ரிம்மைத் தின்றுவிட்டால் இன்னொன்று வாங்க மனமும் பணமும் உண்டு என்றால் கார்பன் வாங்குங்கள், ஆனால் 50 வேண்டாம், ஹூக் உள்ள அகலமான 40 மி.மீ. ரிம் போதும், காற்றில் கிடைக்கும் மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும், பாலத்தின் மேல் போகும்போது பல்லைக் கடிக்கவும் வேண்டியிருக்காது.

பிரேக் எது, பிரேமில் அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயர் நுழையும், இப்போது ஓடுவது என்ன டயர், இந்த மூன்றையும் எழுதுங்கள். டயரின் பெயரைப் பார்த்த பிறகு, சக்கரமே இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வேன்.